கீபோர்டா, குமிழ் வைத்த சின்தசைசரா, லேப்டாப்பா: சொந்தமாக ஒலி செய்ய எதை வாங்கலாம்?

குமரி மாவட்டத்தில் கீபோர்டுக்குப் பஞ்சமில்லை. சர்ச் பாடகர் குழுவிடம் ஒன்று, கோயில் கொடைக்குப் பாட வரும் இன்னிசைக் குழுவிடம் ஒன்று, கோடை விடுமுறையில் கிளாஸுக்குப் போன பிள்ளையின் வீட்டு அலமாரிமேல் உறை மூடி ஒன்று. உள்ளே நூற்றுக்கணக்கில் ஒலிகள் இருக்கும். வாசிப்பது என்னவோ பத்துப் பன்னிரண்டுதான். இரண்டு மூன்று வருடத்தில் அதுவும் சலித்துப்போய், "இந்த ஸ்ட்ரிங்ஸ் இன்னும் கொஞ்சம் பைய எழும்பினா நல்லாயிருக்கும்" என்று தோன்ற ஆரம்பிக்கும். பலர் அந்த நேரத்தில் இன்னும் அதிக ஒலிகள் உள்ள கீபோர்டாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அது தேவைக்கு நேரெதிரான முடிவு. ஸ்ட்ரிங்ஸ் பைய எழும்ப வேண்டும் என்றால் தேவைப்படுவது இன்னொரு ஸ்ட்ரிங்ஸ் அல்ல, ஒலி எழும்பும் நேரத்தை மாற்றும் அட்டாக் என்ற ஒரே ஒரு குமிழ்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. கையில் இருக்கும் அரேஞ்சர் கீபோர்டையே, அதாவது தாளமும் பக்க இசையும் தானே வாசிக்கும் கீபோர்டையே, கிண்டிப் பார்ப்பது. ஸ்லைடர் வைத்த, சாம்பிள் (பதிவுசெய்த ஒலி) அடிப்படையிலான மேடைக் கீபோர்டு வாங்குவது. ஒலியை மின்சுற்றே உருவாக்கும், குமிழ்கள் நிறைந்த அசல் அனலாக் சின்தசைசர் வாங்குவது. லேப்டாப்பில் இலவச மென்பொருளை ஏற்றி, பழைய கீபோர்டை அதற்கு வெறும் கீப்பலகையாக வைத்துக்கொள்வது. முடிவை இங்கேயே சொல்லிவிடலாம்: மேடைக்குப் புதிதாக வாங்குவதானால் இரண்டாவது, கற்பதற்கு நான்காவது. மூன்றாவது, பேஸும் லீடும் (தனி மெட்டும்) மட்டுமே வாசிப்பவருக்கு. முதலாவதை எக்காரணம் கொண்டும் விற்க வேண்டாம். ஏன் இப்படி என்பதற்கு, ஒலி எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

அலைவடிவம்: ஸ்பீக்கரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சைன் அலையில் அடிப்படை அதிர்வெண் ஒன்றுதான் உண்டு. சா அலையில், அதாவது ரம்பப்பல் வடிவத்தில், எல்லா ஹார்மோனிக்குகளும், அதாவது அடிப்படையின் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும், உண்டு. இரண்டாவது பாதி பலம், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு என்று இறங்கிக்கொண்டே போகும். ஸ்கொயர் அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும், அதே விகிதத்தில். ட்ரையாங்கிளிலும் ஒற்றைப்படைதான், ஆனால் அவை மிக வேகமாகத் தேயும்: மூன்றாவது ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. எந்தச் சின்தசைசர் பாடத்திலும் இவ்வளவு இருக்கும். இதை நம்மூர் மைக்செட்டோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது.

திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் எதையும் உருப்படியாக வெளியே விடாது. பேஸ் லைனில் தாழ்ந்த சி சுரம் 65 ஹெர்ட்ஸ். சைன் அலையில் வாசித்தால் மேடை மானிட்டரில் வயிறு அதிரும், தெருவில் ஒன்றுமே கேட்காது. "மக்கா, பேஸ் வரல்லியே" என்று மைக்செட்டுக்காரர் கை காட்டுவார்; வாசிப்பவர் வால்யூமை ஏற்றுவார்; ஆம்ப்ளிபயர் திணறும்; அப்போதும் தெருவுக்குக் கேட்காது. அந்த 65 ஹெர்ட்ஸின் ஐந்தாவது ஹார்மோனிக் 327 ஹெர்ட்ஸ். குழாயைத் தாண்டி வெளியே வருவது அதிலிருந்துதான். சா, ஸ்கொயர் இரண்டிலும் இந்த ஐந்தாவது, அடிப்படையைவிட 14 டெசிபல்தான் குறைவு. ட்ரையாங்கிளில் 28 டெசிபல் குறைவு, அதாவது இல்லாத மாதிரி. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று ஹார்மோனிக்குகள் வரிசையாகக் காதுக்கு வந்துவிட்டால், அடியில் இல்லாத 65 ஹெர்ட்ஸை மூளையே நிரப்பிக்கொள்ளும். அதனால் குழாய் ஸ்பீக்கருக்கு சா அலை; ஃபில்டரை (மேல் அதிர்வெண்களை வெட்டும் பகுதியை) 1,000 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரை திறந்து வையுங்கள். ஸ்கொயரில் ஆறும் எட்டும் கிடையாது என்பதால் கொஞ்சம் பொக்கையாகக் கேட்கும். சர்ச்சுக்குள் சப்வூஃபரோடு பாக்ஸ் ஸ்பீக்கர் இருந்தால் கதை மாறும்: சைன் அல்லது ட்ரையாங்கிளோடு 15 டெசிபல் தணித்த சா போதும். அங்கே ஃபில்டரைத் திறந்துவிட்டால் ஆண்குரல்மேல் பேஸ் ஏறி உட்காரும்.

பாடகர் குழுவுக்குப் பின்னால் விரிக்கும் நீண்ட கோர்டு ஒலியான பேடுக்கு எல்லோரும் முதலில் செய்வது, இரண்டு சா அலைகளைச் சற்று விலக்கி வைப்பது. விலக்கலை சென்ட் கணக்கில் வைக்கிறோம். ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். இரண்டுக்கும் 7 சென்ட் இடைவெளி என்றால் 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் ஒரு செகண்டுக்குச் சுமார் 1.8 அலைமோதல், அதாவது சத்தம் ஏறி இறங்குவது, வரும். 110 ஹெர்ட்ஸில் 0.45, 880 ஹெர்ட்ஸில் 3.6. கீழே நிதானமாக அசைவது மேலே படபடக்கும். கீழ்ச் சுரங்களில் சரிபார்த்துவிட்டு மேல் கோர்டு வாசிக்கும்போது "என்னவோ நடுங்குது" என்று தோன்றுவது இதனால்தான். சில மென்பொருள்களில் விலக்கலை ஹெர்ட்ஸ் கணக்கில் நிலையாக வைக்கும் வசதி உண்டு. இல்லாவிட்டால் 4 சென்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 12 சென்டைத் தாண்டினால் அழகாகத் தடிக்கும், ஆனால் ஐந்தரைக் கட்டையில் பாடும் சோப்ரானோ எந்த அலையைச் சுருதியாகப் பிடிப்பது? குழு முழுக்கக் கால் சுருதி தள்ளாடுவதற்குக் கீபோர்டின் டிட்யூன் (இந்த விலக்கல்) காரணமாக இருக்கலாம் என்பது பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. பழி ஆல்டோமேல் விழுந்துவிடும்.

மாற்று வழி பல்ஸ் அலை. மேலும் கீழுமாகத் தாவும் அலை அது; ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு மேலே நிற்கிறதோ அதுதான் அகலம். அகலம் 50 சதவீதமாக இருந்தால் அது ஸ்கொயர். 33 சதவீதத்தில் ஒவ்வொரு மூன்றாவது ஹார்மோனிக்கும் காணாமல் போகும், 25 சதவீதத்தில் ஒவ்வொரு நான்காவதும். அகலத்தை 20 முதல் 45 சதவீதத்துக்குள் 0.4 ஹெர்ட்ஸ் எல்எஃப்ஓ (பிற அளவுகளை ஆட்டும் மெதுவான அலை) கொண்டு மெல்ல ஆட்டினால், ஒரே ஆஸிலேட்டர் (அலையை உருவாக்கும் பகுதி) இரண்டு பேர் வாசிப்பதுபோல விரியும். சுருதியின் நடுப்புள்ளி அதிகம் விலகாது. 50-ஐத் தாண்டிப் போகத் தேவையில்லை, 30-உம் 70-உம் காதுக்கு ஒன்றுதான். பாடகர் குழுவுக்கு இதுவே எங்கள் தேர்வு. ஆனால் சாம்பிள் கீபோர்டுகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது.

என்வலப்: காசு கொடுக்க வேண்டியது இதற்குத்தான்

ஒரு ஒலியை இன்னதென்று காது அடையாளம் காண்பது பெரிதும் அதன் முதல் சில பத்து மில்லி செகண்டிலும், அது அடங்கும் விதத்திலும்தான். நடுப்பகுதி எப்படியிருந்தாலும் ஓரளவுக்கு மன்னித்துவிடும். பியானோ பதிவின் தொடக்கத்தை வெட்டிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆர்கனோ அக்கார்டியனோ என்று குழம்பிப்போகும்.

ஒலி எழும்பி அடங்கும் வடிவம்தான் என்வலப். அதற்கு நான்கு பகுதி: எழும்பும் அட்டாக், உச்சியிலிருந்து இறங்கும் டிகே, கீ அழுந்தியிருக்கும்வரை நிற்கும் சஸ்டெயின், கீயை விட்டபின் அடங்கும் ரிலீஸ். இந்த நான்கில் மூன்று நேரம், ஒன்று மட்டும் அளவு. சஸ்டெயின் என்பது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதல்ல, எவ்வளவு சத்தத்தில் நிற்கும் என்பது. பெடலுக்கும் இதே பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. சஸ்டெயினை முழுதாக வைத்துவிட்டு டிகே குமிழைத் திருகி, "ஒண்ணும் மாறல்லியே" என்பவர்கள் ஏராளம். இறங்கிச் சேர வேண்டிய அளவே உச்சியில் இருந்தால் டிகே எங்கே இறங்கும்?

வில்லுப்பாட்டின் குடத்தை எடுத்துக்கொள்வோம். இந்த மாவட்டத்தில் அந்த ஒலியைத் தெரியாத காது இருக்காது. குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று மொத்தமாக ஒரு ஸ்பிரிங் மாதிரி அதிரும். 15 லிட்டர் கொள்ளளவும் ஆறு சென்டிமீட்டர் ஆரமுள்ள வாயும் என்றால் அது தோராயமாக 140 ஹெர்ட்ஸில் வரும். கூடவே மட்டை படும் சுருக்கென்ற சத்தம். ஆக இரண்டு அடுக்கு வேண்டும்.

முதல் அடுக்கு சைன் அலை, 140 ஹெர்ட்ஸ். பாட்டின் சுருதிக்குப் பொருந்த ஓர் அரைச்சுரம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். சத்த என்வலப்பில் அட்டாக் 1 மில்லி செகண்டு, டிகே 350, சஸ்டெயின் பூஜ்யம், ரிலீஸ் 350. ரிலீஸையும் டிகே அளவுக்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. கீயைத் தட்டிவிட்டு உடனே எடுத்தாலும் அழுத்திப் பிடித்தாலும் குடம் ஒரே மாதிரி அடங்க வேண்டும். ரிலீஸ் குறைவாக இருந்தால் வேகமாக வாசிக்கும்போது மட்டும் குடம் சட்டிபோல ஒலிக்கும். அடுத்து சுருதிக்குத் தனி என்வலப்: 9 அரைச்சுரம் மேலே தொடங்கி 30 மில்லி செகண்டில் கீழே வந்து சேர வேண்டும். இதை 80 மில்லி செகண்டாக நீட்டினால் குடம் போய் எலெக்ட்ரானிக் டாம் வந்துவிடும். இறங்குவது நேர்கோடாக இல்லாமல் முதலில் வேகமாக, பிறகு மெதுவாக வளைய வேண்டும்; நேர்கோட்டு டிகே பொம்மைத் துப்பாக்கி மாதிரி கேட்கும்.

இரண்டாம் அடுக்கு நாய்ஸ், அதாவது சுருதியற்ற இரைச்சல். ஓர் அதிர்வெண்ணைச் சுற்றியுள்ளதை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் 1,500 ஹெர்ட்ஸில், டிகே 25 மில்லி செகண்டு, முதல் அடுக்கைவிட 12 டெசிபல் தணித்து. கையழுத்தத்துக்கு ஏற்ப இந்த அடுக்கின் அளவை மட்டும் கூட்டுங்கள். மெல்லத் தட்டினால் காற்று மட்டும், ஓங்கித் தட்டினால் மட்டையும் சேர்ந்து கேட்கும்.

இதில் அடிக்கடி நிகழும் கோளாறு, ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரி ஒலிப்பது. சிலவற்றில் "டிக்" என்ற சத்தமும் வரும். சைன் அலை அப்போதைக்கு எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குவதுதான் காரணம். உச்சியில் இருக்கும்போது கீ அழுந்தினால் பூஜ்யத்திலிருந்து நேராக உச்சிக்குத் தாவும், அந்தத் தாவல்தான் டிக். ஒவ்வொரு கீக்கும் அலை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி ஃபேஸ் ரீட்ரிக்கரை ஆன் செய்யுங்கள். அந்த வசதி இல்லாத கருவியில் அட்டாக்கை 4 மில்லி செகண்டுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். குடத்தின் கூர்மை சற்று மழுங்கும், வேறு வழியில்லை. பேடுகளில் இதே டிக் கீயை எடுக்கும்போது வரும். ரிலீஸ் பூஜ்யமாக இருக்கக் கூடாது, குறைந்தது 20 மில்லி செகண்டு வையுங்கள்.

நாதஸ்வரம் போன்ற லீடுக்கு என்வலப்பின் அளவுகளைவிட அது எப்போது மறுபடி தொடங்குகிறது என்பது முக்கியம். சா அலையோடு 20 சதவீத பல்ஸ், கொஞ்சம் டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஈக்வலைசர் எடுப்பு, அட்டாக் 20 மில்லி செகண்டு. இவ்வளவு செய்தும் ஆரம்பப் பள்ளி மெலோடிகா மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் அட்டாக் புதிதாக எழும்புவதே குறை. ஊதுபவர் ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சை நிறுத்தித் தொடங்குவதில்லையே. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் மோனோ மோடில் போட்டு, லெகாட்டோ அல்லது சிங்கிள் ட்ரிக்கர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, கிளைடை 50 மில்லி செகண்டுக்கு வையுங்கள். ஒரு கீயை விடாமல் அடுத்ததை அழுத்தினால் என்வலப் தொடரும், சுருதி மட்டும் வழுக்கும். விரல் எடுத்து வாசித்தால் புது மூச்சு. பிட்ச் பெண்டை இரண்டு அரைச்சுரத்துக்கு வைத்தால் கமகத்தின் பாதி வேலை இடது கையில் முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு நாதஸ்வரக்காரரையே அழைப்பது நல்லது.

இன்னொரு வகை ஒலிக்கு மேலே சொன்ன அலைவடிவங்கள் எதுவுமே உதவாது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இசைத்தூண் மாதிரியான கல் ஒலி, மணி, வெண்கலத் தட்டு எல்லாம் இதில் சேரும். சா, ஸ்கொயர் எல்லாவற்றிலும் ஹார்மோனிக்குகள் 2, 3, 4 என்று முழு மடங்குகள். தட்டிய கல்லிலும் உலோகத்திலும் அவை 2.7, 5.4 என்று கண்டபடி அமையும். இதற்கு எஃப்எம் முறை, அதாவது ஓர் அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டும் முறை, வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவ்னிங் கண்டறிந்து 1973-இல் கட்டுரையாக வெளியிட்ட இதை, யமஹா 1983-இல் டிஎக்ஸ்7 கருவியாகக் கொண்டுவந்தது. ஆறு ஆபரேட்டர்கள் (தனி என்வலப் கொண்ட அலைகள்), அவற்றை இணைக்க 32 அல்காரிதங்கள். கல் ஒலிக்கு இரண்டு ஆபரேட்டர் போதும்: விகிதம் 1-க்கு 3.5, கேட்கும் ஆபரேட்டரின் டிகே 1.5 செகண்டு, அதைக் கலக்கும் ஆபரேட்டரின் டிகே 0.2 செகண்டு. முதலில் கணகணப்பு, பிறகு தெளிந்த ஓசை. இரண்டு டிகேயையும் ஒன்றாக வைத்தால் தகர டப்பாதான் வரும். ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கோயிலுக்குப் போய்த் தூணைத் தட்டிவிடாதீர்கள். பல நூற்றாண்டாகத் தட்டித் தட்டித்தான் அவற்றுக்கு இப்போது காவல் தேவைப்படுகிறது.

நான்கு வழிகளும் எங்கே உதவும், எங்கே கைவிடும்

கையில் இருக்கும் அரேஞ்சரில் நினைப்பதைவிட அதிகம் செய்யலாம். முன்பக்கத்தில் குமிழ் இல்லாவிட்டாலும், பல மாடல்கள் மிடி (கருவிகளுக்கும் கணினிக்கும் இடையே கட்டளை அனுப்பும் முறை) வழியாக நான்கு கட்டளைகளைக் கேட்கும்: கண்ட்ரோல் எண் 73 அட்டாக், 72 ரிலீஸ், 74 பிரைட்னெஸ் எனப்படும் ஃபில்டர் திறப்பு, 71 ரெசனன்ஸ் எனப்படும், ஃபில்டர் வெட்டும் இடத்தின் எடுப்பு. 64 என்றால் இருப்பது இருந்தபடி. அதற்கு மேல் கூட்டல், கீழ் கழித்தல். ஸ்ட்ரிங்ஸுக்கு 73-ஐ 90-க்கு ஏற்றிப் பாருங்கள், முதல் பத்தியில் சொன்ன ஆசை செலவில்லாமல் நிறைவேறிவிடும். டிகேயும் சஸ்டெயினும் கைக்கு வராது, ஃபில்டருக்குத் தனி என்வலப் கிடைக்காது. மாற்றியது ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியில் பதிகிறதா என்பதை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகே மேடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சாம்பிள் கீபோர்டு என்றால் நம் மேடைகளில் ரோலண்டின் எக்ஸ்பிஎஸ்-10, எக்ஸ்பிஎஸ்-30 இரண்டையும் அதிகம் பார்க்கலாம். குரல் எண்ணிக்கை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள்) தாராளம், எடை குறைவு, கோர்டு எவ்வளவு தடித்தாலும் அறுந்துபோகாது. ஆனால் வாங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருப்பது பதிவுசெய்த ஒலி. அந்தப் பதிவுக்கென்று ஏற்கெனவே ஓர் அட்டாக்கும் அடங்கலும் உண்டு. நீங்கள் வைக்கும் என்வலப் அதன்மேல் போர்த்தும் போர்வைதான். பைய எழும்பும் ஸ்ட்ரிங்ஸ் பதிவை அட்டாக் பூஜ்யம் வைத்து வேகப்படுத்த முடியாது. வேகமாக எழும்பும் பதிவை மெதுவாக்கலாம். அடங்கி முடிந்த கிடார் பதிவுக்குச் சஸ்டெயின் முழுதாக வைத்தும் பயனில்லை, மிச்சம் இருப்பது மௌனம். ஷெனாய், நாதஸ்வரம் பதிவுகளில் அசைவும் சேர்ந்தே பதிவாகியிருந்தால், ஒரே பதிவை மேல் சுரத்துக்கு இழுக்கும்போது அந்த அசைவும் வேகமெடுக்கும், கேட்பவர் முகம் சுளிப்பார். ஆகவே இந்த வகையில் ஒலி செய்வதென்றால், நினைத்ததைவிட வேகமான அட்டாக்கும் நீளமான வாலும் உள்ள பதிவாகத் தேடி எடுத்துக் குறைத்துக்கொண்டே வருவது. சிலையை உளியால் குறைக்கிற மாதிரி, ஒட்டவைக்க முடியாது.

ஆனால் இந்த இரண்டு மாடலிலும் சொந்த சாம்பிளை ஏற்றலாம் என்பது பெரிய விஷயம். லேப்டாப்பில் செய்த குடத்தை, அல்லது நிஜக் குடத்தையே, 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் வேவ் கோப்பாக்கி உள்ளே போடலாம். கோப்பின் தலையில் 15 மில்லி செகண்டு மௌனம் இருந்தாலும் தாளத்தில் ஒவ்வொரு அடியும் பிந்தும். அலை எழும்பும் இடத்துக்கு ஒட்டி வெட்டுங்கள்.

அனலாக்கில் மூக் நிறுவனத்தின் 1970 மினிமூக் வழியில் வந்த ஒற்றைக்குரல் கருவிகளும், கோர்க் மினிலாக் போன்ற நான்கு குரல் கருவிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. கையால் திருகிக் கேட்டுக் கற்க இதற்கு ஈடு கிடையாது. பேஸ் லைனில் ஃபில்டர் என்வலப்பின் டிகேயை 200-இலிருந்து 400 மில்லி செகண்டுக்கு நகர்த்தும்போது பாட்டின் நடையே மாறுவதை விரலிலேயே உணரலாம். ஆனால் நான்கு குரல் என்பது நான்கு சுரம். மூன்று சுரக் கோர்டு வாசித்து, ரிலீஸ் 3 செகண்டு வைத்து, அடுத்த கோர்டுக்குப் போனால் முதல் கோர்டின் வாலில் இரண்டு சுரம் பாதியில் வெட்டுப்படும். திருப்பலியில் அமைதியான இடத்தில் இது அசிங்கமாகக் காட்டிக்கொடுக்கும். மினிலாக்கின் 37 சிறிய கீகளில் இரண்டு கையால் கீர்த்தனை வாசிக்கவும் முடியாது. அசல் மினிமூக்கிலும் அதை அப்படியே பின்பற்றும் கருவிகளிலும் ரிலீஸுக்குத் தனிக் குமிழே இல்லை, டிகே நேரத்தையே ரிலீஸுக்கும் எடுத்துக்கொள்ளும். வாங்கிய பிறகு தேடுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சுருதியும் சூட்டுக்கு ஏற்ப நகரும். மாலை ஐந்து மணிக்கு வெயிலில் ட்யூன் செய்து, இரவு பத்து மணிக்குக் கடல்காற்றில் பேஸ் வாசித்தால் 10 சென்ட் விலகியிருக்கலாம். அரை மணி நேரம் முன்னதாகவே ஆன் செய்து வைத்து, நிகழ்ச்சிக்கு இடையிலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

லேப்டாப் வழியில் சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சின்தசைசர் முழுக்க இலவசம். வைட்டல் என்ற இன்னொன்றுக்கு இலவசப் பதிப்பு உண்டு. எஃப்எம்முக்கு டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச டிஎக்ஸ்7 நகல். அலைவடிவமும் ஹார்மோனிக்குகளும் திரையிலேயே தெரியும் என்பதால், மேலே சொன்ன எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் கேட்கலாம். சர்ஜில் ஹெர்ட்ஸ் கணக்கிலான டிட்யூனும் உண்டு. குடத்துக்குச் சொன்ன மூன்று என்வலப்புகளும் தடையின்றிக் கிடைக்கும் வழி இது ஒன்றுதான்.

கைவிடும் இடம் தாமதம். கீயை அழுத்தியபின் ஒலி வர எவ்வளவு நேரம் என்பதை பஃபர் அளவு, அதாவது கணினி ஒரே தடவையில் அனுப்பும் ஒலித் துணுக்குகளின் (இவற்றுக்கும் சாம்பிள் என்றே பெயர்) எண்ணிக்கை, தீர்மானிக்கும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லி செகண்டு, 512 என்றால் 10.7, இதற்குமேல் ஆடியோ கருவியின் தாமதமும் சேரும். மொத்தம் 10-ஐத் தாண்டினால் குடம், உடுக்கை போன்ற தாள ஒலிகளில் கை தடுமாறும். பேடுக்கு 20 கூடத் தெரியாது. விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரோடு வரும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று கட்டாயம் வேண்டும், லேப்டாப்பின் ஹெட்போன் துளை இதற்கு ஆகாது. பஃபரை மிகவும் குறைத்தால் சடசடப்பு வரும். 128-இல் தொடங்கி, சடசடத்தால் 256. வைஃபையை அணைத்து, பவர் பிளானை முழு வேகத்தில் வைத்து, யூஎஸ்பி பவர் சேவிங்கை நிறுத்திவிட்டுத்தான் வாசிக்க உட்கார வேண்டும்.

மின்சாரமும் உப்பும்

தேர்த் திருவிழாவில் ஜெனரேட்டர் மாறும் அந்த ஒரு செகண்டு போதும், கீபோர்டு அணைந்து மறுபடி எழுந்து முதல் பியானோவில் வந்து நிற்கும். சிறிய யூபிஎஸ் ஒன்று இதைத் தீர்க்கும். வெளிச்சந்தை அடாப்டர் வாங்குவதானால் வோல்ட் ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் சமமோ கூடுதலோ இருக்க வேண்டும், பின்னின் நடுமுனை ப்ளஸா மைனஸா என்பதும் ஒத்திருக்க வேண்டும். கடைசிச் செய்தி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பின் பொருந்துகிறதே என்று செருகினால் போர்டு போய்விடும்.

லேப்டாப்பை மிக்சரில் இணைத்ததும் ஸ்பீக்கரில் "ஜீ" என்று கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுற்றில்தான் கோளாறு. கேபிளின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் பெட்டி) அதற்கான மருந்து. பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டாலும் சத்தம் நிற்கும் என்பது உண்மை. நனைந்த மேடையில் மைக்கைத் தொடும் பாடகருக்கு அது உயிர் விளையாட்டு.

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடலோரத்தில் இருப்பவர்கள் அனலாக் வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். குமிழும் ஸ்லைடரும் கூடக் கூட உப்புக்காற்று நுழைய வாசல்களும் கூடும். திருகும்போது கரகரவென்றால் எண்ணெய் விடாதீர்கள். காண்டாக்ட் கிளீனர் துளி விட்டு முப்பது தடவை முழுதாகத் திருகுங்கள். ஆடி மழை, ஐப்பசி மழை இரண்டுமே நமக்கு உண்டு என்பதால், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வருடத்தில் பாதி நாளாவது கருவியை எடுத்து வாசிப்பதும் தேவை. அலமாரிமேல் மூடி வைத்ததுதான் முதலில் கெடும்.

யாருக்கு எது

சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர் சாம்பிள் கீபோர்டை வாங்கி, வீட்டில் சர்ஜ் எக்ஸ்டியில் பழகலாம். வில்லுப்பாட்டு, கொடை மேடைகளுக்கு அரேஞ்சரே போதும், குட ஒலிக்கும் கல் ஒலிக்கும் சாம்பிள் ஏற்ற வசதியிருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக்கு இசை கோப்பவருக்கு லேப்டாப்பைத் தவிர வேறு எதற்கும் இப்போதைக்குக் காசு போட வேண்டாம். அதில் ஆறு மாதம் கழித்தும் மவுஸால் திருகுவது எரிச்சலாக இருந்தால், அப்போது அனலாக்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போய் நிற்கும்போது டெமோ பாட்டைக் கேட்டு நேரத்தைப் போக்காதீர்கள். ஹெட்போனைச் செருகி ஒரு ஸ்ட்ரிங்ஸ் எடுத்து, ரிலீஸை 3 செகண்டுக்கு ஏற்றி, பெடல் இல்லாமல் நான்கு சுரக் கோர்டுகள் ஐந்தை வேகமாக மாற்றி வாசியுங்கள். முதல் கோர்டின் வால் அறுகிறதா என்று கேளுங்கள். பிறகு அட்டாக்கை முழுக்க இறக்கி ஒரே கீயைப் பத்து முறை தட்டுங்கள். டிக் வருகிறதா, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, மாற்றியதைச் சேமித்து, அணைத்து, மறுபடி ஆன் செய்யச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அது எப்படி என்று தெரியாவிட்டால் கையேட்டைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.